உப்புத் தண்ணீர் ஊரில் கார் கழுவுவது

எங்கள் கார் கருநீலம். 2019-ல் பழைய வண்டியாக வாங்கினோம். வீடு காவேரிப்பட்டணத்தில், நான் வேலை பார்க்கும் பள்ளி பர்கூர் பக்கம். தினமும் போக வர 50 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வண்டியை நானேதான் ஓட்டுகிறேன், இப்போது நானேதான் கழுவவும் செய்கிறேன். முதல் வருடம் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமா பக்கெட்டை எடுத்துவிடுவார். துணி துவைக்கும் பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டு, நுரை பொங்கக் கலக்கி, பழைய குளியல் துண்டால் அழுத்தித் தேய்ப்பார். சைக்கிளையும் டிவிஎஸ் 50-ஐயும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். இரண்டுமே பல வருடம் உழைத்த வண்டிகள். அதனால் எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில் நின்றபோதுதான் பார்த்தேன். மேலே இருந்த வெள்ளை விளக்கின் வெளிச்சம் பானட்டில் விழுந்த இடத்தில், சிலந்தி வலை பின்னியது மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்திருந்தது. கதவு ரப்பரும் வெளுத்துப் போயிருந்தது. ஓசூரில் பாலிஷ் போடும் ஒரு தம்பியிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ரோடு கெடுக்கல டீச்சர். கழுவிக் கழுவியே கெடுத்திருக்கீங்க.”

அவர்தான் பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று விளக்கினார். நாம் பார்க்கும் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். பளபளப்பு முழுக்க அதில்தான். பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் தடிமன்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் போடுவது என்றால் கீறல்மேல் எதையாவது பூசி மறைப்பது இல்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுத்துச் சமமாக்குவது. ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய பூச்சு இன்னும் மெலியும். “வருஷா வருஷம் இதுக்கு வராதீங்க, தாங்காது” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில் கிரானைட் பட்டறைகள் அதிகம். கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் போகாத நாள் எனக்குக் கிடையாது. கல் அறுத்த சேறு காய்ந்து மாவாகிச் சாலை ஓரமெல்லாம் படிந்திருக்கும், லாரி போனால் கிளம்பும். தொட்டால் கோதுமை மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற தாது இருக்கிறது. தாதுக்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. நம் வீட்டுக் கத்தியின் இரும்பே அதற்குக் கீழேதான். அந்த மாவு படிந்த பானட்டைக் காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் மஞ்சள் துணியால் தூசி தட்டுவதை நான் அன்றோடு விட்டேன். தூசியோடு வண்டி எடுப்பதில் எனக்கு இப்போது ஒரு கூச்சமும் கிடையாது.

சோப்பின் வேலை அழுக்கைக் கரைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கார் சோப்புக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, வழுக்குவது. உளுந்து மாவை விரலில் தொட்டால் ஒரு வழவழப்பு தெரியுமே, அந்த மாதிரி ஒரு படலம் பெயிண்டுக்கும் கல்தூளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்போதுதான் துணி நகரும்போது தூள் பெயிண்டைக் கீறாமல் சறுக்கி வெளியே வரும். துணி பவுடர் நுரை பொங்கும், ஆனால் அந்த அளவு வழுக்காது. அதிலும் கரையாத குருணை பக்கெட் அடியில் தங்கியிருக்கும். அதுவும் துணியில் ஒட்டிக்கொண்டு சேர்ந்து தேய்க்கும்.

நான் அறிவியல் டீச்சர். அமிலம், காரம் பாடம் வரும்போது பிள்ளைகளை மஞ்சள் தாள் செய்யச் சொல்வோம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் தடவி நிழலில் காயவைத்தால் போதும். காரம் பட்டால் அது சிவக்கும். பிறகு ஒரு வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து, வீட்டில் காரைக் கழுவ யார் யார் எதைப் போடுகிறார்களோ அதையெல்லாம் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தோம். துணி பவுடர் கரைசல் பட்டதும் தாள் செங்காவியாக மாறியது. துணி சோப்பு, குளியல் சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பார் எல்லாமே சிவப்பு, ஒன்றில் கூடுதலாக, ஒன்றில் குறைவாக. பாத்திரத்துக்குப் போடும் லிக்விட், தலைக்குப் போடும் ஷாம்பு, நான் வாங்கிப்போயிருந்த கார் ஷாம்பு மூன்றும் மஞ்சளாகவே நின்றன.

பவுடர் சிவக்கக் காரணம் அதிலுள்ள சலவைச் சோடா. துணியில் இருக்கிற எண்ணெய், வியர்வைப் பிசுக்கை எடுக்க அந்தக் காரம் வேண்டும். காரில் அது முதலில் எடுப்பது பெயிண்டுக்குப் பாதுகாப்பாக நாம் காசு கொடுத்துப் பூசிய வாக்ஸை. வாரா வாரம் போட்டால் ரப்பர், பிளாஸ்டிக் என்று எல்லாவற்றிலும் கை வைக்கும். அலாய் வீல் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது பெரும்பாலும் அலுமினியம், அலுமினியம் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். இதைப் பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன். வாசலில் நிற்கிற வண்டியோடு சேர்த்து அதுவரை யோசித்ததில்லை.

தாள் சிவக்கவில்லை என்பதற்காக எல்லாமே காருக்கு ஆகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் தாள் காரத்தைத்தான் காட்டும். அமிலத்தில் அது மஞ்சளாகவே இருக்கும். சக்கரம் கழுவ விற்கும் சில கிளீனர்கள் அமிலம்தான், தாளில் ஒன்றும் தெரியாது. பாத்திர லிக்விட் பெயிண்டை அரிக்காது, உண்மை. ஆனால் அதைச் செய்ததே எண்ணெய்ப் பிசுக்கை உரித்தெடுக்க. புது வாக்ஸ் போடுவதற்கு முன்னால் பழசை எடுக்க வருடத்துக்கு ஒரு தடவை நான் அதைப் பயன்படுத்துகிறேன். மற்றபடி தொடுவதில்லை. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுக்கு நம் ஊர் டிரைவர்களிடம் நல்ல பெயர். ஸ்டாண்டில் நிற்கும்போது வேறு என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். பவுடருக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் முடிக்காகச் சேர்த்திருக்கும் மிருதுவாக்கிகள் கண்ணாடியில் படலமாக நிற்கும். மழையில் வைப்பர் போட்டால் எதிரில் வரும் விளக்கு கலங்கித் தெரியும். முன் கண்ணாடிக்கு மட்டும் அது வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டு போர்த் தண்ணீரில் பருப்பு வேக நேரமாகும். குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டி தட்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய வீடுகளில் இதுதான் கதை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்க உப்புத் தண்ணீர். உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு காலி பாட்டில் போதும். பாதி அளவு போர்த் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் மழைத் தண்ணீர் எடுத்து அதே மாதிரி செய்யுங்கள். மழைத் தண்ணீரில் நுரை திரண்டு நிற்கும். எங்கள் போர்த் தண்ணீரில் நுரைக்குப் பதில் மோர் திரிந்தது மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றன. குளியலறைத் தரையில் படியும் அழுக்குப் படலம் இதேதான். கட்டி சோப்பால் காரைக் கழுவினால் அந்தத் திப்பியைக் கார் முழுக்கப் பூசுகிறோம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சோப்பு போட்டால் சரியாகிவிடும் என்று போட்டால் திப்பிதான் கூடும்.

கார் ஷாம்பு என்று விற்பது வேதியியல் கணக்கில் சோப்பே இல்லை, டிடர்ஜென்ட் வகை. எங்கள் உப்புத் தண்ணீர் மாதிரிக் கடின நீரில் திரியாது. எங்கள் ஊருக்கு அது ஆடம்பரம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம். பிஎச் நியூட்ரல், அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை என்று போட்டிருக்கிறதா, எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, விரலில் வழவழப்பு நிற்கிறதா. நிறம், வாசனை, நுரை இவற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை. லேபிளே இல்லாமல் கேனில் லிட்டர் கணக்கில் விற்பதை வாங்க மாட்டேன், அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. வாக்ஸ் சேர்த்த ஷாம்பும் கிடைக்கிறது. அது தனியாகப் போடும் வாக்ஸுக்கு ஈடில்லை, ஆனால் இரண்டு வாக்ஸுக்கு நடுவில் கைகொடுக்கும். நான் வாங்குவது அரை லிட்டர் பாட்டில், 350 ரூபாய். ஒரு தடவைக்கு 20 மில்லி, ஆக 25 தடவை வரும். ஒரு கழுவலுக்கு 14 ரூபாய், டீ காசுதான்.

ஷாம்பு மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கீறல் கூடுவது நின்றது, ஆனால் காய்ந்ததும் வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி. ஷாம்பைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு அதில் இல்லை, அலசிய தண்ணீரில். உப்புத் தண்ணீர் சொட்டாக நின்று காயும்போது தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு அங்கேயே நின்றுவிடும். அப்போது எங்கள் வீட்டில் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று காருக்குச் சேர்த்து வைத்திருந்தோம். நல்ல எண்ணம்தான், ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் இருப்பதே அந்தத் தண்ணீரில். குழாய்த் தண்ணீரைவிட அதுதான் அதிக உப்பு. இப்போது அது தரை துடைக்கப் போகிறது. கடைசி அலசலுக்கு மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர். மழை இல்லாத மாதங்களில் ஏசி தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, அதில் சுண்ணாம்பு கிடையாது. எங்கள் ஏசி குழாய்க்குக் கீழே கோடையில் ஒரு குடம் வைத்தால் காலைக்குள் பாதிக்கு மேல் நிறையும். புதுப் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரும் அதே அளவு தண்ணீரும் கலந்து, சூடில்லாத பெயிண்டில் துணியால் ஒற்றி, உடனே அலசிவிட்டால் போய்விடும். வெயிலில் வெந்து பல மாதம் ஆன புள்ளி அதற்கு மசியாது.

கழுவுவது காலை ஏழு மணிக்குள், வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்திருக்கும்போது. வெயிலில் சூடான பானட்டில் ஷாம்பு அலசுவதற்குள் காய்ந்துவிடும். சக்கரத்தில் ஆரம்பிப்பேன். அதற்குத் தனி பக்கெட், தனி துணி, எந்தக் காரணத்துக்கும் மேலே வராது. அப்புறம் சோப்பு இல்லாமல் வண்டி முழுக்க வெறும் தண்ணீர். எங்களிடம் ஓஸ் அடிக்கிற அளவு தண்ணீர் இல்லை. அதனால் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று வாங்கினேன், 16 லிட்டர். புதிதாக வாங்குங்கள், களைக்கொல்லி ஊற்றிய பழைய டேங்க் வேண்டவே வேண்டாம். கூரையிலிருந்து கீழே வரைக்கும் அடித்து ஐந்து நிமிடம் விட்டால் கல்மாவில் பெரும்பகுதி தானாக வழிந்துவிடும். கை வைப்பதற்கு முன்னால் போகும் தூள்தான் கீறாத தூள்.

அதன் பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும் 20 மில்லி ஷாம்பும், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பில் நனைத்து ஒரு கதவு அளவு தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி ஷாம்பு. தேய்ப்பது என்று சொன்னாலும் அழுத்தம் கிடையாது, குழந்தைக்கு முகம் துடைக்கிற அளவுதான். வட்டமாக இல்லை, நேர்க்கோட்டில். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீர் பக்கெட்டின் அடியைப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு ஸ்பூன் அளவு கல்தூள் கிடக்கும். ஒரே பக்கெட்டில் கழுவியபோது அத்தனையும் எங்கே போயிற்று என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. துணி மைக்ரோஃபைபர். குளியல் துண்டின் மடித்துத் தைத்த ஓரமே கீறப் போதும். கீழே விழுந்த துணியை அன்றைக்குத் திரும்ப எடுப்பதில்லை.

வாட்டர் சர்வீஸ் பற்றியும் கேட்பீர்கள். அவசரத்துக்கு நானும் விட்டிருக்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு இடத்தில் சக்கரத்தைத் தேய்த்த பிரஷ்ஷை அப்படியே கதவில் போட்டார்கள், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த தடவை வேறு இடம் போனபோது இறங்கியதும் கேட்டேன். “அண்ணா, பிரஷர் தண்ணி மட்டும் அடிங்க, துணி நான் வெச்சிருக்கேன். என்ன லிக்விட் போடுறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க.” அந்த அண்ணன் கோபப்படவில்லை. கேனைத் தூக்கி வந்து காட்டினார். சரி, கேட்டால் சொல்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

கடைசியாக மாம்பூ. தை, மாசியில் எங்கள் பக்கம் தோப்புகள் பூக்கும்போது பார்க்கவே அழகு. அதே சமயம் நிழல் என்று நம்பி மாமரத்தடியில் வண்டியை விட்டால், மாலையில் கூரையும் கண்ணாடியும் பிசுபிசுவென்று ஒட்டும். பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவம் அது. மாம்பால் என்று பல பேர் நினைக்கிறார்கள், இல்லை. கவனிக்காமல் விட்டால் தூசி ஒட்டும், பிறகு கரும்பூசணம் பிடித்து இலை கறுப்பது மாதிரி காரும் கறுக்கும். இதற்கு யாரும் கடினமான சோப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது சர்க்கரைதான், வெறும் தண்ணீரிலேயே கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்துவிட்டு எடுத்தால் முக்கால்வாசி துணியோடு வந்துவிடும். மீதிக்கு வழக்கமான ஷாம்பு. பறவை எச்சத்துக்கும் இதே ஊறவைக்கும் வேலைதான், ஆனால் அதை அன்றைக்கே செய்ய வேண்டும். யூரிக் அமிலம் வெயிலோடு சேர்ந்தால் கிளியர் கோட்டில் தழும்பு விழும். தார்ப் புள்ளியைச் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் இளகும், அப்புறம் அந்த எண்ணெயை ஷாம்பு எடுத்துவிடும்.

மாமாவிடம் பவுடர் வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மனசு நோகக் கூடாது. பெட்ரோல் பங்கு மாதிரி வெளிச்சம் வீட்டில் இல்லை, அதனால் ஒரு ராத்திரி செல்போன் டார்ச்சைப் பானட்டில் அடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “நான் தேய்ச்சதாம்மா இது?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு நான் எழுந்து வரும்போது வாசலில் இரண்டு பக்கெட்டும் இருந்தன. ஏசி தண்ணீர்க் குடத்தைத் தனியாக நிழலில் மூடி வைத்திருந்தார். மூடியில் ஷாம்பு அளப்பது இப்போது அவர் வேலை. ஒரு சொட்டு கூட விடமாட்டார்.